உருகாத சாக்லேட்டைச் சந்தேகப்படுங்கள்: கேள்வி பதில்

பெரம்பூரில் பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே சாக்லேட் வார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ராயபுரம்: முதல் சாக்லேட் பார் கேட்பரி போட்டதுதானே அண்ணே?

இல்லை தம்பி. 1847-இல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி போட்டது. அதுவரை சாக்லேட்டைப் பெரும்பாலும் குடிக்கத்தான் செய்தார்கள். 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன், கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்க வழி கண்டார். அந்தக் கொழுப்புதான் கோகோ பட்டர். அதையே கோகோத் தூளிலும் சர்க்கரையிலும் கூடுதலாகக் கலந்ததும் அச்சில் ஊற்றும் பதம் வந்தது. ஆனால் அதில் பால் கிடையாது. சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் கட்டிதட்டிவிடும், பாலில் பெரும்பகுதி தண்ணீர். சுவிட்சர்லாந்தின் டானியல் பீட்டர் 1875-இல்தான் இதற்கு வழி கண்டார். நான்கு வருடம் கழித்து அதே நாட்டு லிண்ட் என்பவர், மணிக்கணக்கில் அரைத்து நறநறப்பைப் போக்கினார். நான் இட்லி மாவு அரைக்கும் கல் கிரைண்டர் மாதிரி ஒன்றில்தான் அரைக்கிறேன். டெய்ரி மில்க் 1905-இல்தான் வந்தது.

தண்டையார்பேட்டை: பார் மேல் வெள்ளை பூத்திருக்கிறது. பூசணமா?

பெரும்பாலும் இல்லை அக்கா. உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படியும். சாப்பிடலாம். பிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரம் பட்டாலும் வெளுக்கும்.

வியாசர்பாடி: பிரிட்ஜில் வைக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

மண்ணடி: பர்மா பஜாரில் வாங்கிய பார் மே மாத வெயிலிலும் உருகவில்லை. நல்ல சரக்குதானே?

அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகும், அதனால்தான் வாயில் கரைகிறது. உறையைத் திருப்பிப் படியுங்கள். கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். தேதியையும் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை: அப்படியானால் வெள்ளை சாக்லேட் சாக்லேட்டே இல்லை. கோகோவே கிடையாதே!

தூள் இல்லை, கோகோ பட்டர் இருக்கிறது. அதுவும் அதே கொட்டையிலிருந்து வருவதுதான்.

கொருக்குப்பேட்டை: நெய்யை மட்டும் ஊற்றிவிட்டுப் பொங்கல் என்பீர்களா?

தம்பி, வாயில் கரைய வைப்பது தூள் அல்ல, கொழுப்பு. பொங்கலில் நெய்க்குப் பதில் டால்டா ஊற்றினால் ஒத்துக்கொள்வீர்களா?

ராயபுரம்: அண்ணே, நான் கொருக்குப்பேட்டைக்காரர் பக்கம். கசப்பில்லாமல் என்ன சாக்லேட்?

நிறைய மில்க் சாக்லேட்டிலும் கசப்பு தெரியாது. உறையில் கோகோ பட்டர் இருந்தால் எனக்கு அது சாக்லேட். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

திருவொற்றியூர்: நாய்க்கு ஒரு துண்டு?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். கோகோவிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.

எண்ணூர்: பிரிட்ஜில் வைத்தால் வெளுக்குமா?

டப்பா, டப்பா, காற்றுப் புகாத டப்பா.