ஜூயி கிராமத்து சீட்டித் துணி

கேள்வி: அக்கா, பிரான்ஸ்ல ஜூயினு ஒரு கிராமத்துல நம்ம சீட்டித் துணி மாதிரியே அச்சடிச்சாங்களாமே, பாரிஸை விட்டுட்டு எதுக்கு ஒரு பள்ளத்தாக்குக்குப் போனாங்க? நம்மகிட்ட கத்துக்கிட்டாங்கங்கறது நெஜமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தண்ணிக்காகத்தான் போனாங்கம்மா. சீட்டித் துணின்னா அச்சடிக்கிறதைவிட அலசுறதுதான் பெரிய வேலை. 1686லேர்ந்து அச்சுப்போட்ட பருத்தித் துணிக்கு பிரான்ஸ்ல தடை இருந்துச்சு, 1759ல அது நீங்குன கையோட, அடுத்த வருஷமே ஓபர்காம்ஃப்ங்கற ஜெர்மன்காரர், இருபது வயசு தாண்டுன பையன், பியேவ்ர் ஆத்தங்கரையில பட்டறை போட்டார். ஆத்துத் தண்ணி நல்லா இருந்துச்சு, துணி விரிக்க புல்வெளி இருந்துச்சு, துணி வாங்குற பெரிய மனுஷங்க இருக்குற வெர்சாய் அரண்மனையும் பக்கம்தான்.

வேலை எப்படின்னா, அச்சுக்கட்டையில தொட்டு அடிக்கிறது சாயம் இல்ல, சாயத்தைப் பிடிச்சு வைக்கிற படிகாரக் கரைசலும் இரும்புக் கரைசலும் பசை கலந்து அடிப்பாங்க, அப்புறம் மாட்டுச்சாணம் கரைச்ச வெந்நீர்ல முக்கி மிச்சமீதியை எடுத்துட்டு, மஞ்சிட்டி இனத்துச் சாயவேர் கொதிக்கிற கொப்பரையில போட்டா படிகாரம் பட்ட இடம் சிவப்பாகும், இரும்பு பட்ட இடம் கறுப்பாகும். மத்த இடத்துலயும் லேசா ஏறுன சாயம் போறதுக்குத்தான் புல்லுல விரிச்சு நாள்கணக்கா தண்ணி தெளிச்சு வெயில்ல போடுறது. நீலமெல்லாம் பொம்பளைங்க உக்காந்து பிரஷ்ஷால தீட்டுவாங்க. இந்த வேலை மொத்தத்தையும் ஊவேங்கற ஓவியர் டிசைனா வரைஞ்சு துணியிலேயே அச்சடிச்சிருக்காங்க, அதுல புல்வெளியில துணி காயுறதுகூடத் தெரியும்.

அடுத்த கேள்விக்கு வரேன். நெஜம்தான், ஆனா ஒரே வழியில போகல. ஐரோப்பாவுல பல ஊருக்கு அப்பவே இந்தத் தொழில் பரவியாச்சு. அதுல ஒரு வழி உங்க ஊர்தான். 1734ல போலியூங்கற கடற்படை அதிகாரி பாண்டிச்சேரியில சாயக்காரங்க வேலை செய்யுறதைப் பக்கத்துல இருந்து பாத்து, ஒவ்வொரு கட்டத்துலயும் துணியில ஒரு துண்டு வெட்டிக் குறிப்போட சேத்து எடுத்துட்டுப் போனார், அது இன்னமும் பாரிஸ்ல பத்திரமா இருக்கு. 1742ல கேர்தூ பாதிரியாரும் நம்ம சாயக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு சாயவேர், கடுக்கா, எருமைப்பால் வரைக்கும் கடிதமா எழுதி அனுப்பினார். போலியூ பேர் இருக்கு, பாதிரியார் பேர் இருக்கு, சொல்லிக்கொடுத்த கைக்காரங்க பேர் மட்டும் இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். அதை எழுதாம இந்தக் கதையை முடிக்கவே கூடாது.

ஜூயில கட்டையோட அச்சடிக்க 1770ல செப்புத் தகடும் வந்துச்சு, 1797ல செப்பு உருளை. 1815ல ஓபர்காம்ஃப் இறந்துட்டார், போட்டி தாங்காம 1843ல பட்டறையை மூடிட்டாங்க. அந்த ஊர்ல இப்ப இதுக்குன்னே மியூசியம் இருக்கு, பாரிஸ் போனா ஒருநாள் ஒதுக்கி அவசியம் பாத்துட்டு வாங்க.