பிரிட்டிஷார் அடக்கமான கனவான்கள் என்கிறோம். ஐரோப்பாவில் ஏன் குடித்துக் கூத்தடிப்பவர்கள் என்கிறார்கள்?

இரண்டு பிம்பங்களும் வெவ்வேறு ஆட்களைப் பார்த்து உருவானவை. நம் தாத்தாக்கள் கண்ட வெள்ளைக்காரர் கலெக்டர் அல்லது நீதிபதி. முகத்தில் உணர்ச்சி காட்டாமல் இருக்க உறைவிடப் பள்ளியிலேயே பழக்கப்பட்டவர். ஸ்பெயினின் மகலூஃப் கடற்கரை விடுதிக்காரர் காண்பதோ மலிவு விமானத்தில் வந்து இறங்கும் இளைஞர் கூட்டத்தை.

அந்தக் கெட்ட பெயருக்குக் கால்பந்து ரசிகர்களும் ஒரு காரணம். 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகர்கள் இத்தாலிய எதிரணியின் ரசிகர்கள் மீது பாய, நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர். இங்கிலாந்துக் கிளப்புகள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியவில்லை.

பிறகு விமானக் கட்டணம் குறைந்தது, மதுவிருந்துச் சுற்றுலா பெருகியது. 2020இல் மகலூஃப் உள்ளிட்ட இடங்களில் மலிவு மது விற்பனைக்குச் சட்டமே கட்டுப்பாடு விதித்தது. 2023இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, பிரிட்டிஷ் இளைஞர்களைக் குறிவைத்து 'வராதீர்கள்' என்றே விளம்பரம் செய்தது! சுற்றுலாவால் பிழைக்கும் நகரம் அப்படிச் சொல்கிறதென்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்.

ஆனால் இத்தகைய முத்திரைகளில் பாதி அண்டை வீட்டுச் சண்டைதான். சொல்லாமல் நழுவுவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு விடுப்பு' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'ஆங்கிலேயர் பாணியில் நழுவுவது' என்பார்கள்.