சாம்பலைக் காவிரியில் கரைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு 81 வயது. படுக்கையில் இருக்கிறார், நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. "என்னை எரிச்சு, சாம்பலைக் காவிரியில விட்டுடுங்க" என்கிறார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் இல்லை என்பதும் உண்மைதான். எரித்துவிட்டால் கடைசி நாளில் எப்படி எழுந்திருப்பார் என்று அம்மா அழுகிறார். துபாயில் இருக்கும் தம்பி, சாம்பலில் கொஞ்சம் தனக்கு வேண்டும் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: எரிக்கலாம். ஆற்றில் கரைக்கக் கூடாது. தம்பிக்குப் பங்கு கிடையாது. திருச்சபைச் சட்டப்படி பதில் இவ்வளவுதான். ஆனால் இதை அப்படியே போய்ச் சொன்னால் அம்மாவின் அழுகை நிற்காது. அதனால் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கி.பி. 177. இன்றைய பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் லியோன் நகரம். அங்கே ரோமை அதிகாரிகள் கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். அவர்களில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. கொன்றதோடு விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். பிறகு எரித்தார்கள். சாம்பலைப் பெருக்கி ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இந்தக் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுவோம் என்கிறார்களே, இனி எப்படி எழுந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத் திருச்சபை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அடிமைப் பெண் இன்று புனிதை, ஜூன் 2 அவள் திருநாள். அம்மாவின் பயம் உண்மையானால் பிளாந்தினாவே எழுந்திருக்க முடியாது.

பவுலடிகளாரிடம் கொரிந்து நகரத்தார் கேட்டதும் இதே கேள்விதான்: இறந்தவர்கள் எந்த உடலோடு வருவார்கள்? அவர் விதையைக் காட்டினார். விதைத்தது மடிந்தால்தானே முளைக்கும் என்றார். அவர் சொன்னது கோதுமை. நமக்கு நெல். நாற்றங்காலில் விதை தெளித்த ஒரு மாதத்தில் நாற்றைப் பறிக்கிறோம். வேரில் விதை நெல்லைத் தேடினால் வெறும் சக்கைதான் மிஞ்சியிருக்கும். அதற்காக யாரும் அழுவதில்லை. அப்புறம், சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்காமல் அம்மா ஒரு வருடமாவது இருந்திருப்பாரா?

ஆனால் அம்மாவின் பயம் காரணமில்லாமல் வந்ததும் இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் யூதர்களைப் போல, இயேசுவையும் அடக்கம் செய்த முறைப்படி, புதைத்தே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில், மறு உயிர்ப்பெல்லாம் கட்டுக்கதை என்று காட்டுவதற்காகவே சிலர் பிணத்தை எரிக்கும் பழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். அதற்குப் பதிலடியாக 1886இல் ரோமாபுரி, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை, தகனத்தைத் தடை செய்தது. தடைக்குக் காரணம் நெருப்பு இல்லை, அந்த நெருப்பை வைத்துச் சொல்லப்பட்ட செய்தி. 1963இல் தடை நீங்கியது. அம்மாவுக்கு 75 வயது என்று வைத்துக்கொண்டால், அவர் ஞானோபதேசம் (மறைக்கல்வி) படித்தது தடை இருந்த காலத்தில். சின்ன வயதில் பாடமானது லேசில் போகாது. 1983இன் திருச்சபைச் சட்டம் புதைப்பதையே பரிந்துரைக்கிறது. விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காக இல்லையென்றால் எரிப்பதைத் தடுக்கவில்லை.

சரி, எரிக்கலாம் என்றால் ஆற்றில் விட்டால் மட்டும் என்ன?

2016இல் ரோமாபுரி ஓர் அறிவுரை வெளியிட்டது. சாம்பலைக் காற்றிலோ நீரிலோ நிலத்திலோ தூவக் கூடாது, வீட்டில் வைத்திருக்கக் கூடாது, குடும்பத்துக்குள் பங்கு போடக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்றது. இறந்தவர் இயற்கையோடு கரைந்துபோனார் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது அது சொல்லும் ஒரு காரணம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: இறந்தவர் குடும்பத்தின் சொத்து மட்டும் இல்லை. பெயர் எழுதிய இடம் ஒன்று இருந்தால், பேரப்பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன பிறகும், வழியில் போகிற யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் படித்து ஓர் அருள்நிறை மரியே செபம் சொல்வார்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தோடு திருவையாற்றுப் படித்துறைக்குப் போயிருந்தேன். மே மாதம். ஆறு முழுக்க மணல், நடுவில் முழங்கால் அளவுக்குக் குட்டையாக ஒரு தேக்கம். அதில்தான் சாம்பலைக் கொட்டினார்கள். அது நகரவில்லை. மேலே ஆடைபோல் மிதந்தது, எலும்புத் துண்டுகள் அடியில் தெரிந்தன. மூத்த மகன் செம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கரையேறினோம். அந்த வருடம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா மட்டும் கையில் சாமந்தி மாலையை வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் பெரிய சிலுவையின் அடியில் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். ஏற்கெனவே யாராவது கரைத்துவிட்டிருந்தால் அவர்கள் ஆன்மாவுக்குக் கேடு என்று பயப்பட வேண்டாம். பிளாந்தினாவுக்கு இல்லாத கேடு இவர்களுக்கும் இல்லை. அந்த அறிவுரை யாருடைய உயிர்த்தெழுதலையும் காப்பாற்றுவதற்காக வந்தது இல்லை. அது இருக்கிறவர்களுக்காக.

"எரித்தால் இந்து, புதைத்தால் கிறிஸ்தவன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரின் சுடுகாட்டைப் பற்றி மணிமேகலை சொல்லும்போது, சுடுவோர், இடுவோர் (அப்படியே போட்டுவிடுவோர்), குழியில் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போர், தாழியால் கவிப்போர் என ஐந்து வகையினரை அடுக்குகிறது. நம் டெல்டாவுக்கு எல்லா வழியும் பழகியதுதான். உயிர்ப்பின் மேல் அவ்வளவு அக்கறை இருப்பவர்கள், சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கென்று எழுப்பியிருக்கும் சுவரைப் பற்றிக் கவலைப்படட்டும். விசுவாசத்துக்கு நெருப்பைவிட அந்தச் சுவர் பெரிய இடைஞ்சல் என்பது என் கருத்து.

இனி நடைமுறை. பங்குச் சாமியாரிடம் இப்போதே பேசுங்கள், துக்க மணி அடித்த பிறகு போய் நிற்காதீர்கள். அப்பாவின் ஆசைக்குக் காரணம் ஆற்றின் மேலுள்ள பாசம், விசுவாச மறுப்பு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகச் சாம்பலைத் தூவச் சொன்னவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்படலாம் என்பதால் இது முக்கியம். உடலை முதலில் கோயிலுக்குக் கொண்டு போய் அடக்கத் திருப்பலி முடித்துவிட்டு, அங்கிருந்து தகன மேடைக்குப் போவதுதான் நல்ல முறை. உடல் கண்முன் இருக்க, தூபமும் தீர்த்தமும் அதற்கே கொடுப்பதில் ஒரு நிறைவு உண்டு. கிடைப்பது இரண்டு மூன்று கிலோ எலும்பும் சாம்பலுமாக இருக்கும். மூடியுள்ள மண் கலயம் ஒன்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அதை எங்கே வைப்பது? உங்கள் அப்பாயியின் கல்லறை அதே தோட்டத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். கலயத்துக்கு ஒன்றரை அடிக் குழி போதும். பங்குப் பேரவையிடம் கேட்டு அந்தக் கல்லறையிலேயே வைத்து, கல்லில் அப்பாவின் பெயரையும் சேர்த்து வெட்டிவிடலாம். இடமில்லை என்ற பிரச்சினையும் தீர்ந்தது. குழிக்குச் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிப்பார். இப்படி ஓர் அடக்கத்தில் குழி வெட்டியவர் என்னிடம், "இவ்வளவுதானா சாமி, சீக்கிரம் முடிஞ்சிருச்சே" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பழகவில்லை.

தம்பியிடம், கல்லறை இருக்கும்வரை துபாயிலிருந்து வந்து நிற்க ஓர் இடம் உண்டு என்று சொல்லுங்கள். 2023 டிசம்பரில் ரோமாபுரி ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டது: இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரம் அதைப் பரிசீலிக்கலாம். அது அலமாரிக்கோ லாக்கெட்டுக்கோ கொடுத்த அனுமதி இல்லை, ஆற்றில் விடுவதற்கும் இல்லை. ஆயர் (பிஷப்) இல்லம்வரை போக வேண்டிய காரியம்.

சி.எஸ்.ஐ., தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபைக்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வரி: ரோமாபுரியின் இந்த விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தாது, உங்கள் போதகரிடம் கேளுங்கள். ஆனாலும் தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள் போனால், அடுத்த வருடமே இறந்த ஜெர்மன் லுத்தரன் போதகர் சீகன்பால்குவின் கல்லறை இதோ என்று இன்றும் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். இடம் என்றால் என்ன என்பது அங்கே புரியும்.

கடைசியாக அப்பா. அவரிடம் சட்டம் பேசாதீர்கள். காவிரியில் எதை விடச் சொல்கிறார் என்று கேளுங்கள். புனித அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் தனக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தவர். 387இல் ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் நோயில் விழுந்ததும், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். உங்கள் அப்பாவும் இறங்கி வரலாம். அவர் ஆற்றுக்குப் போக முடியாவிட்டால் ஆற்றை அவரிடம் கொண்டு வரலாம்: கலயத்தை வைக்கும் குழியில் காவிரி மணல் ஒரு கைப்பிடி, அவர் வயல் மண் ஒரு கைப்பிடி. இதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, மணல் லாரி அளவுக்கு அள்ளாதவரை. எந்தத் துறை மணல் வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டு, அதை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 வாக்கில் மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த மணல் கைக்கு எட்டாது.