பேச வைப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கடலூர் கடற்கரைக் கிராமங்களில் வேலை செய்யும் சிறு குழு நாங்கள். சுனாமி, தானே புயல், ஃபெஞ்சல் புயல், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று இழப்பில் அடிபட்ட குடும்பங்களுக்காக வருகிற டிசம்பர் 26 அன்று ஒருநாள் நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம். விளையாட்டு, ஓவியம், சாப்பாடு, மனநல மருத்துவர் உரை. பிற்பகலில் ஒவ்வொரு குடும்பமும் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எந்த விளையாட்டுகள் வைக்கலாம்? அவர்களை மனம் திறந்து பேச வைப்பது எப்படி?

க., மஞ்சக்குப்பம்

அன்புள்ள க.,

எங்கள் தெருவில் புளி காயப்போட்டிருக்கிறார்கள். அந்த வாசனையில் இரண்டு நாளாக 2005-ஐயே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்து ஜனங்கள் கடலில் பால் ஊற்றி, பூப் போட்டு அழுகிறார்கள். வருடா வருடம் அவர்களாக வைத்துக்கொண்ட நாள் அது. அங்கே போய் மைக் கட்டாதீர்கள்.

விளையாட்டைப் பிள்ளைகளே சொல்வார்கள். மருத்துவர் வரட்டும், ஆனால் மேடை வேண்டாம். ஓரமாக உட்கார்ந்திருந்தால் தேவைப்படுகிறவர்கள் போய்ப் பேசுவார்கள். ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கொடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

‘பேச வைப்பது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

சுனாமி முடிந்த சில வாரங்களில் நானும் கிரேயான் பெட்டியோடு ஒரு முகாமுக்குப் போனேன். ஒரு பையன், ஏழு வயது இருக்கும். தாளைக் கொடுத்ததும் நிமிர்ந்து பார்த்து, “அலை போடணுமாக்கா, இல்ல வீடு போடணுமா?” என்று கேட்டான். எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அதையே வரையச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் எதை வாங்கிப்போக வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நீலக் கிரேயான் மட்டும் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. அந்தப் பெட்டியை இன்றுவரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. விபத்தோ பேரிடரோ முடிந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து நடந்ததை ஒருமுறை சொல்லவைக்கும் முறையை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பின்னால் வரும் மனப் பாதிப்பை அது தடுக்கவில்லை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த உளவியல் முதலுதவிக் கையேடும், சொல்லச் சொல்லி நெருக்காதே என்கிறது. என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு, அவ்வளவுதான். வருடங்கள் போய்விட்டதே என்பீர்கள். ஊர் நடுவில் எழுப்பி நிறுத்தினால் இருபது வருடம் கழித்தும் அது நெருக்குவதுதான்.

2005 பங்குனி வெயிலில் தார் ஷீட் போட்ட தற்காலிக வீடுகள் கொதித்தன. உள்ளே இருக்க முடியாமல் பெண்கள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் யாரோ ஒரு மூட்டைப் புளி இறக்கிவிட்டுப் போனார்கள், கொட்டை எடுக்காத புளி. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி கல்லைத் தேடி எடுத்தாள், இன்னொருத்தி சாக்கை விரித்தாள். நானும் உட்கார்ந்து தட்டினேன். மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசாத ஆயா ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “நாரை விட்டுட்டு கொட்டைய மட்டும் எடுக்கிறியே, உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலியா?” என்று அதட்டினார். என் கையிலிருந்து பிடுங்கி, ஒரே இழுப்பில் நாரை உருவிக் காட்டினார். அப்புறம் புளியைப் பார்த்தபடியே, “எம் பேரனுக்குக் கொழம்புல புளி தூக்கலா இருக்கணும்” என்றார். இருக்கணும் என்றுதான் சொன்னார். யாரும் அழவில்லை. பக்கத்தில் இருந்தவர் இன்னொரு கை புளியை அள்ளி அவர் முன்னால் வைத்தார்.

நான்கு நாள் தட்டினோம். மூட்டை தீர்ந்ததும் நாங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பிப் போகவே இல்லை. அதை இப்போதும் பெரிய தப்பாகத்தான் நினைக்கிறேன். அந்த ஆயா எங்களை எதிர்பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதனால் ஒருநாள் நிகழ்ச்சி என்று சொல்லாதீர்கள் தம்பி. ஃபிளெக்ஸ் வேண்டாம், போட்டோ வேண்டாம். அந்தக் காசை எடுத்துவையுங்கள், பன்னிரண்டு மாதம் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு, அதே இடம், அதே முகங்கள். கைக்கு வேலை இருக்கட்டும். ஒருத்தரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால், அடுத்த மாதமும் அடுப்பு மூட்டுங்கள்.

டிசம்பர் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? இது மாசி, புளி வந்துவிட்டது. எந்த ஞாயிறு என்று மட்டும் எழுதுங்கள், நானும் வருகிறேன். நார் உருவ எனக்கு இப்போது தெரியும்.