பூ தெரிகிறது, கிழங்கு தெரிகிறதா?

கேள்வி: மலையடிவாரப் புதர்க்காட்டில், ஐப்பசி மழைக்குப் பின் ஒரு கொடி பூத்திருந்தது. இதழின் அடி மஞ்சள், நுனி சிவப்பு. செங்காந்தள்தானா?

பதில்: பெரும்பாலும் அதுதான். ஆனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சையாக விரியும் அதே பூ மஞ்சளாகி, சில நாளில் முழுச் சிவப்பாகிவிடும். முதலில் இலை நுனியைப் பாருங்கள். நுனியே நீண்டு, சுருள்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பற்றியிருக்கும். பிறகு பூ. தலைகவிழ்ந்து தொங்கும், அலைவிளிம்புள்ள ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்கும், ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால்போல் பக்கவாட்டில் விரியும். சூல்தண்டோ சூலகத்தை விட்டுக் கிளம்பியதும் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிவிடும். இத்தனையும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். சங்கப் பாடல்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள் இதுதான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர்.

கேள்வி: கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பவை வேறு வேறு செடிகளா?

பதில்: எல்லாம் ஒன்றே. கார்த்திகையில் பூத்துக் குலுங்குவதால் முதல் பெயர். கிழங்கு கலப்பைபோல் இரண்டாகக் கவைத்திருப்பதால் இரண்டாவது. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. பார்ப்பதால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: பூ இல்லாத நாளில் கிழங்கு தோண்டினால் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஆபத்து இங்கேதான். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். சர்க்கரைவள்ளி என்றெண்ணி வேகவைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. சர்க்கரைவள்ளியைக் கிள்ளினால் பால் வடியும், இலைக்கு நீண்ட காம்பு இருக்கும். காட்டு வள்ளிக்கொடி தண்டாலேயே சுற்றி ஏறும். அதன் இலை இதய வடிவம். காந்தள் இலை ஈட்டிபோல் நீளம், காம்பு இல்லை, நரம்புகள் இணையாக ஓடும். இலையும் கொடியும் இல்லாத கிழங்கு கைக்கு வந்தால் உண்ணவே கூடாது.

வேகவைத்தாலும் விஷம் போகாது. செடியின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்னும் நச்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. தின்ற சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அவை அடங்கியதும் பிழைத்தோம் என்று வீட்டிலேயே இருப்பது பெரிய தவறு. அடுத்த சில நாளில்தான் எலும்புமஜ்ஜையும் சிறுநீரகமும் பழுதாகும். வாந்தி எடுக்க வைக்காமல், மீந்த கிழங்கோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சுகப்பிரசவத்துக்குக் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசுவார்களாமே? மூட்டுவலிக்கும் நல்லதா?

பதில்: பூசும் வழக்கம் பழையது, உண்மைதான். தோல்நோய்க்கும் பற்றுப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கர்ப்பிணியிடம் இதைச் செய்யக் கூடாது என்பதே எங்கள் கருத்து. தோல் கன்றிப்போகும், கீறல் இருந்தால் விஷம் உள்ளே இறங்கும். சித்த மருத்துவத்தில் கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, பல நாள் திரும்பத் திரும்பச் சுத்தி செய்வார்கள். அது விஷ மூலிகைக்குரிய முறை. அடுக்களையில் செய்து பார்க்கும் வேலையல்ல.

மூட்டுவலியில் கௌட் என்னும் வகைக்குக் கோல்சிசின் மாத்திரை தருவது உண்மை. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். கிழங்குக்குக் கிழங்கு சத்து மாறுவதால் கையளவில் அந்த அளவைப் பிடிக்கவே முடியாது. திண்டுக்கல், கரூர் பக்கம் வயலில் பயிரிடுவதும் விதைக்காக, மருந்து ஆலைக்குப் போக.

கேள்வி: அழகுக்காகத் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: சிறு குழந்தையோ, கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ இல்லாத வீடானால் வைக்கலாம். வெடித்த காயில் தெரியும் சிவப்பு விதைகள் குழந்தைகளை இழுக்கும். காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். கையுறை போட்டு, வடிகால் நல்ல மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். முளை கவையின் நுனியில்தான் இருக்கிறது. அது ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. முளைக்கவில்லையே என்று புலம்புகிறவர்களில் பலர் நடும்போதே நுனியை ஒடித்தவர்கள். கொடி காய்ந்தபின் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு அழுகிவிடும்.