எண்டர் தட்டினால் ஏன் அழிகிறது?

கேள்வி: என் வெப்பேஜ் படிவத்தில் 'அழி', 'சேமி' என்று இரண்டு பட்டன்கள். பெயரைத் திருத்திவிட்டு எண்டர் தட்டினால் பதிவே அழிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: ஹெச்டிஎம்எல்லில் 'அழி' முதலில் இருக்கிறது, அதனால்தான். எண்டர் தட்டினால் முதலில் வரும் சப்மிட் பட்டனை (படிவத்தை அனுப்பும் பட்டனை) அழுத்தியதாகத்தான் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். என்ன வகைப் பட்டன் என்று சொல்லும் டைப்பை எழுதாமல் விட்ட பட்டனும் சப்மிட்தான். பலரும் சறுக்குவது இங்கேதான். நான் எப்போதும் 'சேமி'யை முதலில் எழுதிவிடுவேன்.

அப்புறம், ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி கிளிக் ஃபங்ஷன் வேண்டாம். படிவத்தை அனுப்பும்போது எழும் சப்மிட் ஈவென்ட்டில் ஒரே ஃபங்ஷன் வைத்து, ஈவென்ட்.சப்மிட்டர்.வேல்யூ (அழுத்திய பட்டனின் மதிப்பு) என்னவென்று பாருங்கள். எந்தப் பட்டன் என்று தெரிந்துவிடும். படிவத்தின் மதிப்புகளைத் திரட்டும் ஃபார்ம்டேட்டாவில் படிவத்தை மட்டும் கொடுத்தால் பட்டனின் மதிப்பு சேராது. சப்மிட்டரையும் இரண்டாவதாகக் கொடுங்கள். 'அழி' என்று வந்தால், கன்ஃபர்ம் கேட்காமல் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.