தோட்டத்துப் பூச்செடிகளிலிருந்து காட்டில் புது இனம் பிறக்குமா?

பிறக்கும். பிறந்தும் இருக்கிறது. நான் ஸ்காட்லாந்தின் க்ளாஸ்கோவில் வசிக்கிறேன். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் லெட்ஹில்ஸ் என்ற பழைய ஈயச் சுரங்க ஊர் வரும். அங்கே ஒரு ஓடைக்கரையில் 2011இல் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரியோ வயேஹோ-மரீன் அப்படிப் பிறந்த ஒரு செடியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே மிமுலஸ் பெரிக்ரினஸ் என்று பெயர் வைத்து, புது இனமாக விவரித்தார். பெரிக்ரினஸ் என்றால் லத்தீனில் அயலூரிலிருந்து வந்தவர், ஊர் ஊராகத் திரிபவர். பொருத்தமான பெயர்.

மிமுலஸை இங்கே குரங்குப்பூ என்பார்கள். மஞ்சள் இதழில் சிவப்புப் புள்ளி வைத்த பூ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு இனத்தையும், தென் அமெரிக்காவிலிருந்து இன்னொன்றையும் தோட்ட அழகுக்காக பிரிட்டனுக்குக் கொண்டு வந்தார்கள். சொந்த மண்ணில் சந்தித்திருக்கவே முடியாத இரண்டும் இங்கே கலந்து ஒரு கலப்பினம் உண்டானது. அது வேலி தாண்டி ஓடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்தக் கலப்பினம் மலடு. பெற்றோரில் ஒரு பக்கத்தில் 28 குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை), மறுபக்கத்தில் 60க்குக் கொஞ்சம் மேல்; இரண்டிலிருந்தும் பாதிப் பாதியாகப் பிள்ளைக்குக் கிடைத்தது 44 முதல் 46 வரை. ஜோடி சேராததால் விதை பிடிக்காது. நாம் சாப்பிடும் வாழையும் பெரும்பாலும் இப்படித்தான்: விதை இல்லை, பக்கக்கன்று வைத்துத்தான் வம்சம் நீள்கிறது. இந்தக் குரங்குப்பூவும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும் தண்டுத் துண்டு வேர்விட்டுத்தான் பரவியது.

அப்புறம்தான் அந்த அதிசயம். எப்போதோ, செல் பிரியும்போது நேர்ந்த ஒரு பிசகில் குரோமோசோம்கள் அப்படியே இரட்டித்து 92 ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, மகரந்தம் உயிர்பெற்றது, விதை பிடித்தது. அதே சமயம் எண்ணிக்கை ஒத்துப்போகாததால் மூல இனங்களோடு எளிதில் சேராது. அதனால்தான் இது வெறும் புது ரகம் இல்லை, தனி இனம். இத்தனையும் 200 ஆண்டுக்குள்! பின்னால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்திலும் இதே இனம் கிடைத்தது. மரபணுவை ஒப்பிட்டதில், அது லெட்ஹில்ஸிலிருந்து போனதல்ல, அங்கேயே தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. ஒரே இனம் இரண்டு முறை பிறந்திருக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

எங்கள் வீட்டருகே ஓடையில் அந்த மலட்டுக் கலப்பினம் நிறைய உண்டு. அதன் காயை நசுக்கினால் வெறும் சருகுதான் வரும். போன ஆகஸ்டில் லெட்ஹில்ஸ் போயிருந்தேன். முற்றிக் காய்ந்த ஒரு காயை உள்ளங்கையில் மெல்லத் தட்டினேன். கசகசாவை விடப் பொடியாக, பழுப்பு நிறத்தில் விதைகள் கொட்டின. மூல இனங்களிலும் விதை உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. குரோமோசோமை எண்ணினால்தான் உறுதி. தெரிந்தும் கொஞ்ச நேரம் மூச்சுக்காற்று படாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தச் செடியின் காலடி ஈரத்திலேயே உதறிவிட்டேன்.